எப்போதாவது வரும் ஏ.எஃப்.: ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் 19 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. சுகர், பிரஷர் சீட்டோடு வருபவர்கள் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஏ.எஃப்., அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்பும் கோளாறு, என்று எழுதிய சீட்டோடு வருபவர்கள் மட்டும் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். "இது அவசியம் போடணுமா சார்?" டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் கேட்க வாய் வருவதில்லை.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் கேட்க இரண்டு சரியான கேள்வி கிடைத்தால் போதும்.

"எப்பவாவது படபடன்னு அடிச்சுக்குது. ஏ.எஃப்.னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்னங்க?"

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். நாடி பிடித்துப் பார்த்தால் தாளம் தப்பிய மிருதங்கம் மாதிரி இருக்கும். சிலருக்கு இது எப்போதும் இருக்கும். சிலருக்கு வந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானாகப் போய்விடும். ஏழு நாளுக்குள் அடங்கிவிடுவதை டாக்டர்கள் 'பராக்சிஸ்மல்' என்பார்கள். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வகைக்காரர்களுக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படபடப்பெல்லாம் ஏ.எஃப். இல்லை. இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தாலும் நெஞ்சு திக்கென்று இருக்கும். படபடப்பு இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் தெரிந்தால்தான் ஏ.எஃப். என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

"கோளாறு இதயத்துல. பக்கவாதம் வராம இருக்க மாத்திரைங்கறாங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

இடது மேலறையில் ஓரமாகச் சின்னப் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அறை நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் சரியாக ஓடாமல் தேங்குகிறது. தேங்கினால் உறையும். அந்தக் கட்டி பிய்ந்து கிளம்பினால் கீழறை வழியாகக் கழுத்துக் குழாய்க்குப் போய், மூளையில் ஒரு குழாயை அடைத்துவிடும். அதுதான் பக்கவாதம். இப்படி இதயத்திலிருந்து கிளம்பும் கட்டி பெரும்பாலும் பெரிதாக இருப்பதால், ஏ.எஃப். காரணமாக வரும் பக்கவாதம் மற்ற வகைகளைவிடக் கடுமையாகவே இருக்கும்.

துடிப்பைச் சீராக்கும் மாத்திரையும் இந்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் வேறு வேறு. முதலாவது படபடப்புக்கு, இரண்டாவது மூளைக்கு. "மாத்திரை போட்டும் படபடப்பு வருதே" என்று உறைவுத் தடுப்பு மாத்திரையைக் குறை சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொன்று, ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று எல்லோரும் சொன்னாலும் ரத்தம் தண்ணீராக ஆகிவிடாது. உறைவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

"எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் ரெண்டு மணி நேரம்தான் வருது. அதுக்குப் போய் தினமுமா மாத்திரை?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. 29 நாள் ஒழுங்காக அடிக்கும் இதயத்துக்கு 30 நாளும் மருந்து எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எப்போதாவது வருபவருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவு இல்லை. ஏ.எஃப். இருந்து ஆஸ்பிரின் மட்டும் எடுத்துவந்த சுமார் 6,500 பேரைப் பற்றிய கணக்கு ஒன்று 2015-ல் வந்தது. வந்து போகிற வகைக்காரர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 2.1 பேருக்குப் பக்கவாதமோ, வேறு உறுப்பில் கட்டி அடைப்பதோ நேர்ந்தது. நீடித்து இருக்கும் வகையில் அது 3.0. நிரந்தரமாக இருப்பவர்களில் 4.2. பாதியாகிறது, பூஜ்யமாகிவிடவில்லை.

அப்புறம், மாதம் ஒரு தடவை என்பது நீங்கள் உணர்ந்த கணக்கு. உணராமலே, தூக்கத்தில் வந்து போவது பலருக்கு உண்டு. உடம்பில் கருவி பொருத்திப் பார்த்தால்தான் அது தெரியும். என் பெரியப்பா நான்கு மாதம் படபடப்பே இல்லை என்று மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. வலது கை விழுந்த பிறகு என் கடை பில்லைத் தேடிப் பார்த்தேன். கடைசியாக வாங்கியது எந்த மாதம் என்று அதில் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. இப்போது இந்த மாத்திரை வாங்குபவர்களுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன். பத்து நாள் தள்ளிப்போனால் போன் போகும்.

ஆகவே எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதைவிட, அது யாருக்கு வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

"அப்ப யாருக்கு வேணும், யாருக்கு வேணாம்?"

டாக்டர்கள் 'சாட்ஸ்-வாஸ்க்' என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நீங்களே விரல் விட்டு எண்ணலாம். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குவது, அதாவது ஹார்ட் ஃபெயிலியர்: 1. பிரஷர்: 1. சுகர்: 1. முன்பே மாரடைப்பு வந்திருந்தாலோ, கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலோ: 1. வயது 65 முதல் 74 வரை: 1. 75-ம் அதற்கு மேலும்: 2. முன்பு பக்கவாதம், அல்லது வந்து உடனே சரியான மினி பக்கவாதம்: 2. பெண்ணாக இருந்தால் 1. இந்தக் கடைசி ஒன்றில் ஒரு விவகாரம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

"பிரஷர் மாத்திரை போட்டு நார்மலா இருக்கு, அப்ப அந்த மார்க் இல்லைதானே?" என்பார்கள். இல்லை, அதுவும் கணக்கில் சேரும். மாத்திரை போட்டுத்தான் நார்மலாக இருக்கிறது.

பூஜ்யம் என்றால் மாத்திரை தேவையில்லை. 45 வயதில், வேறு எந்த நோயும் இல்லாமல், வருடத்துக்கு இரண்டு தடவை ஏ.எஃப். வந்து போகிறவர் இந்த வகை. அவர் பயந்துபோய் மாத்திரை கேட்டாலும் பெரும்பாலான டாக்டர்கள் எழுத மாட்டார்கள், எழுதாததுதான் சரி. பெண் என்ற மார்க்கைச் சேர்க்காமல் 2-ம் அதற்கு மேலும் வந்தால் எடுக்கச் சொல்வார்கள். ஸ்வீடனில் எடுத்த ஒரு பெரிய கணக்கின்படி, மாத்திரை எடுக்காதவர்களில் 2 மதிப்பெண் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் 2 பேர், 4 மதிப்பெண்ணுக்குச் சுமார் 5 பேர் பக்கவாதத்துக்கு ஆளானார்கள். மாத்திரை இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது.

இரண்டு வகையினருக்கு மட்டும் இந்தக் கணக்கே பொருந்தாது. சின்ன வயதில் வந்த மூட்டு வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப் போனவர்கள், இதயத் தசை பிறவியிலேயே தடித்துப்போகும் நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு ஏ.எஃப். ஒரு தடவை வந்தாலும், மார்க் பூஜ்யமாக இருந்தாலும் மாத்திரை உண்டு. வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்காமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

"எனக்கு எண்ணினா ஒண்ணே ஒண்ணுதான் வருது. அப்ப?"

இதுதான் ரெண்டுங்கெட்டான் நிலை. வழிகாட்டு நெறிகளே இங்கே "எடுங்கள்" என்று அடித்துச் சொல்வதில்லை, "பரிசீலிக்கலாம்" என்கின்றன. இங்கே உங்கள் விருப்பத்துக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. டாக்டர் உங்களிடம் கேட்கவில்லை என்றால் நீங்கள் அவரிடம் கேளுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன், கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஒன்றும் ஒன்றல்ல. 66 வயதால் வந்த ஒரு மார்க்கும், 50 வயதில் லேசான பிரஷரால் வந்த ஒரு மார்க்கும் ஒரே எடை இல்லை. வயது கூடிக்கொண்டேதான் போகும். முதலாமவருக்கு மாத்திரைப் பக்கம் சாய்வேன். இரண்டாமவர் பிரஷரைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வருடா வருடம் டாக்டரிடம் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஏ.எஃப். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எக்கோவில் இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் தராசை ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும்.

"பொம்பளையா பொறந்ததுக்கு ஒரு மார்க்கா?"

இதைக் கேட்ட அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டேன். 2024-ல் ஐரோப்பிய இதயவியல் கழகமும் அந்த மார்க்கை எடுத்துவிட்டது. வேறு எந்த ஆபத்தும் இல்லாதபோது பெண் என்பதற்காக மட்டும் ஆபத்து கூடுவதில்லை. அமெரிக்க நெறியில் இன்னும் அது இருக்கிறது, ஆனால் பெண்களுக்கு எல்லைக்கோட்டை 3 ஆக வைத்திருக்கிறார்கள். சுற்றி வந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

"ஆஸ்பிரின் போட்டுக்கறேனே. அதுவும் ரத்தத்தை இளக்கறதுதானே?"

போதாது. ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வது. மாரடைப்புக்குப் பயன்படும். தேங்கிய ரத்தம் உறைவது வேறு வழி, அதை ஆஸ்பிரின் சரியாகத் தடுப்பதில்லை.

'அவெரோஸ்' என்ற ஆய்வு 2011-ல் வெளியானது. வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மாத்திரை ஒத்துவராத சுமார் 5,600 ஏ.எஃப். நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு அபிக்சபன் என்ற புது உறைவுத் தடுப்பு மாத்திரை. வருடத்துக்கு நூற்றுக்கு 3.7 பேருக்கு ஆஸ்பிரினில் பக்கவாதம் அல்லது கட்டி அடைப்பு, அபிக்சபனில் 1.6. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். பெரிய ரத்தக்கசிவு அபிக்சபனில் 1.4, ஆஸ்பிரினில் 1.2. அதாவது ஆஸ்பிரின் ஏறத்தாழ அதே அளவுக்கு ரத்தக்கசிவைத் தந்துவிட்டுப் பலனைப் பாதிகூடத் தரவில்லை. 'பயமாக இருக்கிறது, பாதி வழியாக ஆஸ்பிரின்' என்பது கேட்கத்தான் நன்றாக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் இரண்டையும் சேர்த்துச் சில காலம் எடுக்க வேண்டியிருக்கும். அது டாக்டர் தேதி போட்டுச் சொல்ல வேண்டியது. அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தவேண்டிய ஆஸ்பிரினை வருடக்கணக்கில் தொடர்பவர்களை நான் பார்க்கிறேன்.

"வார்ஃபரின்னா எலி மருந்தாமே?"

ஆமாம், எலி மருந்தாகவும் இருந்தது. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலிக்கு அளவு வேறு, மனிதனுக்கு அளவு வேறு. உப்பும் அப்படித்தான்.

"பழைய மாத்திரையா, புது மாத்திரையா? புதுசு விலை ஜாஸ்தியாச்சே."

பழையது என்றால் வார்ஃபரினும், அதே வகையைச் சேர்ந்த, நம் ஊரில் அதிகம் ஓடும் அசிட்ரோமும். விலை மலிவு, ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். புதியவை டபிகட்ரான், ரிவராக்சபன், அபிக்சபன், எடாக்சபன். இவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைப் பயம் வேண்டாம். வார்ஃபரினோடு ஒப்பிட்டால் மூளைக்குள் ரத்தக்கசிவு இவற்றில் ஏறத்தாழ பாதிதான். வால்வு பிரச்சினை இல்லாத புதியவர்களுக்கு இப்போது முதலில் எழுதப்படுவது இவைதான். பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தபின் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும் அதற்குப் போய்வரும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். என் வியாபாரம் போனாலும் பரவாயில்லை, மாத்திரை விடுபடக் கூடாது.

மேலே சொன்ன, மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மாத்திரைதான். வாதக் காய்ச்சல் இதய நோயும் ஏ.எஃப்.பும் உள்ள சுமார் 4,500 பேரை வைத்து, இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வு 2022-ல் வந்தது. அதில் ரிவராக்சபனைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் புதுசு கொடுத்தார்களே என்று போய் மாற்றிக் கேட்காதீர்கள்.

கவுண்டரில் நான் சொல்லும் சில விஷயங்கள். ரிவராக்சபன் 15, 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக உடம்பில் சேராது. ஏகாதசி விரதம், சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லுங்கள். அபிக்சபனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் தினம் இரண்டு வேளை. டபிகட்ரான் கேப்சூலைத் திறக்கக் கூடாது. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வாராந்தர டப்பாவில் போட்டுவைக்கவும் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

"பாதி டோஸ் எழுதியிருக்காரு. அது சேஃப்தானே?"

அபிக்சபனில் வழக்கமான அளவு 5 மி.கி. இரண்டு வேளை. 2.5 ஆகக் குறைக்க, வயது 80-ம் அதற்கு மேலும், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5-ம் அதற்கு மேலும் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறார் என்பது மட்டும் காரணம் ஆகாது. நம் ஊரில் 58 கிலோ பெரியவர்கள் ஏராளம். காரணமில்லாமல் அளவைக் குறைத்தால் பாதுகாப்புத்தான் குறையும். "எனக்கு ஏன் 2.5?" என்று பணிவாகக் கேளுங்கள். பல நேரம் நமக்குத் தெரியாத ஒரு நல்ல காரணம் இருக்கும்.

"முருங்கைக்கீரையை விட்டுடணுமா?"

வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் விடவேண்டியதில்லை, ஏற்ற இறக்கம் இல்லாமல் சாப்பிட வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். வாரம் இரண்டு தடவை கீரை சாப்பிடுபவர் அப்படியே தொடரட்டும், மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். ஊரிலிருந்து கட்டுக் கட்டாக வந்தது என்று ஒரு வாரம் தினமும் ஆக்கினால் ஐ.என்.ஆர். இறங்கிவிடும். புது மாத்திரைக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சமையலில் போடும் இஞ்சி, பூண்டு, மஞ்சளுக்கு எதுவும் ஆகாது. அதையே மாத்திரையாக, சூரணமாக எடுப்பவர்கள் மட்டும் சொல்லிவிட்டு எடுங்கள்.

"மூளையில ரத்தம் கசிஞ்சா என்ன பண்றது? எனக்கு அந்தப் பயம்தான்."

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 18,000 பேருக்கு மேல் பங்கெடுத்த 'அரிஸ்டாட்டில்' ஆய்வில் அபிக்சபன் எடுத்தவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 2.1 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு. மண்டைக்குள் கசிந்தது ஆயிரத்துக்குச் சுமார் 3 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவில் கணிசமானது வயிற்றிலும் குடலிலும் வருவது. கஷ்டம்தான், ஆனால் பெரும்பாலும் மீளலாம். பெரிய பக்கவாதத்தில் போன கை திரும்புவது அரிது. இரண்டையும் ஒரே எடை போட முடியாது என்பதுதான் கணக்கின் மையம்.

ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் என்று சொன்னால், முதலில் மாத்திரையை விடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பிரஷர் 170-ல் நிற்கிறதா? மூட்டு வலிக்கு தினம் டைக்ளோஃபினாக் போடுகிறீர்களா? ராத்திரி குடிப்பழக்கம் இருக்கிறதா? தேவையில்லாத ஆஸ்பிரின் கூடவே ஓடுகிறதா? மூலத்தில் ரத்தம் போகிறதா? இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும். வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள். அசிட்ரோம் எடுப்பவர்கள் அதையும் நாள் கணக்கில் போடுவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போடுங்கள். பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம், சின்ன சிராய்ப்பில் கூடுதல் நேரம், தோலில் நீலம் பூப்பது சகஜம். கறுப்பாகத் தார் மாதிரி மலம், சிவப்புச் சிறுநீர், தலையில் அடி, இதுவரை வராத கடும் தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

"அப்பாவுக்கு 82 வயசு. அடிக்கடி தடுமாறி விழறாரு. அவருக்குப் போய் இந்த மாத்திரையா?"

மேலே உள்ள கணக்கில் அவருக்கு வயதுக்கு மட்டுமே 2. பக்கவாத ஆபத்து அதிகம் உள்ளவர்களே விழுகிற வயதிலும் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல். வார்ஃபரின் எடுக்கும் முதியவர் வருடத்துக்குச் சுமார் 295 தடவை விழுந்தால்தான் மாத்திரையின் நன்மையைத் தலைக் காயத்தின் ஆபத்து மிஞ்சும் என்று 1999-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அது காகிதக் கணக்கு, அப்படியே நம்பி உட்கார வேண்டாம். ஆனால் விழுவது மட்டுமே மாத்திரை மறுக்கக் காரணமாகாது என்பதில் டாக்டர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள், வழுக்கும் மிதியடியை எடுங்கள், ராத்திரி சிறுநீர் கழிக்கப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

படுத்த படுக்கை, முற்றிய மறதி நோய், மிஞ்சியிருப்பது சில மாதம் என்ற நிலை வேறு. அங்கே எந்த மாத்திரையும் வேண்டுமா என்பதே குடும்பம் உட்கார்ந்து டாக்டரோடு பேச வேண்டிய விஷயம்.

"படபடப்பு வர்ற அன்னிக்கு மட்டும் போட்டுக்கலாமா?"

என் கடையில் மாதம் 60 மாத்திரை வாங்க வேண்டிய ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு அட்டை வாங்கிக்கொண்டிருந்தார். விசாரித்தால் இதுதான் விஷயம். துடிப்பைச் சீராக்கும் சில மாத்திரைகளைத் தேவைப்படும்போது மட்டும் போடும் முறை உண்டு, டாக்டர் தேர்ந்தெடுத்த சிலருக்கு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்.

உறைவுத் தடுப்பு மாத்திரையில் அந்த முறை இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கைக்கடிகாரம் காட்டிக்கொடுக்கும்போது மட்டும் மாத்திரை கொடுத்தால் போதுமா என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு ஆரம்பித்திருக்கிறார்கள். அதன் விடை வரும்வரை தினசரிதான். முன்பு சொன்ன, உணராமல் வந்து போகும் ஏ.எஃப்.தான் இங்கேயும் தடை. புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும், ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

"அப்லேஷன் பண்ணியாச்சு. இப்ப ஏ.எஃப். இல்லை. நிறுத்திடலாமா?"

அப்லேஷன் என்பது மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, ஏ.எஃப்.பைக் கிளப்பும் இடங்களைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை. அதற்குப் பின் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு, மூன்று மாதம் மாத்திரை உண்டு. அதற்குப் பிறகு முடிவு பெரும்பாலும் பழைய மார்க்கைப் பொறுத்ததுதான். அப்லேஷன் படபடப்பைக் குறைக்கும். உங்கள் 72 வயதையும் சுகரையும் அது தொடவில்லை. 2002-ல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில், சீரான துடிப்புக்குக் கொண்டுவந்தவர்களிலும் பக்கவாதம் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இருந்தவர்கள்.

"பேஸ்மேக்கர் ரிப்போர்ட்ல அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு வருது. வாட்ச்லயும் காட்டுது. எனக்கு ஒண்ணுமே தெரியலை."

இது இன்னும் விவாதத்தில் இருக்கும் இடம். ஈ.சி.ஜி.யில் பிடிபட்ட ஏ.எஃப்.புக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கருவி மட்டும் கண்ட சின்னச் சின்ன ஏ.எஃப்.புக்கு அப்படியே பொருந்தாது. 2023-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. 'நோவா' ஆய்வில் எடாக்சபனால் தெளிவான பலன் தெரியவில்லை, ரத்தக்கசிவு கூடியது. 'ஆர்டிசியா' ஆய்வில், ஆறு நிமிடம் முதல் 24 மணி நேரம்வரை வந்தவர்களுக்கு அபிக்சபன் கொடுத்தபோது வருடத்துக்கு ஆயிரத்துக்கு 12 பக்கவாதம் 8 ஆனது. பெரிய ரத்தக்கசிவு 9-லிருந்து 17 ஆனது. நான்கு பேருக்கு நன்மை, எட்டுப் பேருக்குத் தொல்லை. ஆனால் மேலே சொன்ன மாதிரி இரண்டும் ஒரே எடை இல்லை. முன்பே பக்கவாதம் வந்தவர், மார்க் அதிகம் உள்ளவர், 24 மணி நேரத்தைத் தாண்டுபவர் என்றால் மாத்திரைப் பக்கம். மற்றவர்கள் பொறுத்திருந்து பார்ப்பதும் நியாயமான முடிவே.

வாட்ச் விஷயம் சுலபம். அது எச்சரிக்கை மட்டும். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள வாட்ச் என்றால் 30 விநாடிப் பதிவை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொன்னால்தான் ஏ.எஃப்.

"டெங்கு வந்து ஐ.சி.யூ.ல இருந்தப்ப ஒரே ஒரு தடவை வந்துச்சு. அப்புறம் இல்லை."

கடும் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், தைராய்டு ஏறிப்போவது, ஒரேயடியாகக் குடிப்பது இவையெல்லாம் ஏ.எஃப்.பைக் கிளப்பிவிடும். காரணம் நீங்கியபின் அதுவும் போகலாம். ஆனால் இப்படி ஒரு தடவை வந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் திரும்ப வருகிறது. ஆகவே ஆயுள் முழுதும் மாத்திரை என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம், அன்றோடு போச்சு என்று மறக்கவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஏ.எஃப். என்று இருக்கிறதா பாருங்கள். சில மாதம் கழித்து, நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு ஹோல்டர் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

"பல் பிடுங்கணும். எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?"

சாதாரணமாக ஒரு பல் பிடுங்க நாள் கணக்கில் நிறுத்தத் தேவையில்லை. அதிகபட்சம் அன்றைய ஒரு வேளையைத் தள்ளிப் போடச் சொல்வார்கள். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். நடுவில் நீங்களாக ஐந்து நாள் நிறுத்துவதுதான் ஆபத்து. கண்புரைக்கும் பெரும்பாலும் இதே கதை. பெரிய ஆபரேஷன் என்றால் எந்த நாள் நிறுத்துவது என்பதோடு எந்த நாள் திரும்ப ஆரம்பிப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதி எல்லோர் சீட்டிலும் இருக்கிறது, ஆரம்பிக்கும் தேதி பாதிப் பேர் சீட்டில் இல்லை.

"சரி, டாக்டரே மாத்திரை வேணாம்னுட்டாரு. அப்ப நான் ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

பிரஷர், எடை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இந்த மூன்றையும் கவனித்தால் ஏ.எஃப். வருவதே குறையும். குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் 140 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது, குடியை நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கு, தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு. காபியைப் பற்றி அப்படி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கும்பகோணத்துக்காரன் என்ற முறையில் நிம்மதி.

65 நிறையும் பிறந்தநாள், 75 நிறையும் பிறந்தநாள், புதிதாக சுகரோ பிரஷரோ கண்டுபிடித்த நாள், இவை வந்தால் மறுபடி டாக்டரிடம் போய்க் கணக்குப் போடுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினின், ஹீமோகுளோபின் பாருங்கள். 75-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

"மாத்திரை போட்டுக்கிட்டிருக்கும்போதே பக்கவாதம் வந்துட்டா?"

மாத்திரை முழுக்கத் தடுப்பதில்லை, எனவே வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது. வெந்நீர் ஒத்தடம், பச்சிலை, காலைவரை பார்ப்போம் என்று எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான். முந்தைய 48 மணி நேரத்தில் புது உறைவுத் தடுப்பு மாத்திரை எடுத்தவருக்குப் பெரும்பாலும் அந்த ஊசி போட மாட்டார்கள். ஆனால் குழாய் வழியாகப் போய்க் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு மாத்திரை தடையில்லை, அது எங்கே உண்டு என்று 108-லேயே கேளுங்கள்.

அங்கே போனதும் முதல் கேள்வி, "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" நோயாளியால் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவருக்கு மாத்திரையின் பெயரும் தெரியாது. அதனால் இந்த மாத்திரை வாங்குபவர்களிடம் அட்டையின் பின்பக்கம் பேனாவால் கிழமையும் வேளையும் எழுதச் சொல்கிறேன். கிளம்பும்போது அந்த அட்டையை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.